வாராவதி மேட்டில் மாட்டிய டாங்க் இன்ஜின்

டாங்க் இன்ஜின்களைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். நான்காம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

அந்த வருடம் அப்படி ஒரு குட்டி நீராவி இன்ஜின் எங்கள் தெரு முனைக்கே வந்தது, நீளமான டிரெய்லர் லாரியின் மேல். ஏதோ ஒரு காலேஜ் வாசலில் நிறுத்தி வைக்க எடுத்துப்போனார்கள். கால்வாய்ப் பாலத்தை வாராவதி என்போம்; அந்த மேட்டில் ஏறித் திரும்பும்போது லாரி பின்னால் நழுவியது. பின்னால் டீக்கடை. சக்கரத்துக்கு அடியில் வைத்த செங்கற்கள் பொடியாயின.

“எங்க சித்தப்பா தேருக்கே கட்டை போடுவாரு!” என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சித்தி வாசலிலேயே மறித்தாள். “ராத்திரி முச்சூடும் மிஷினாண்ட நின்னுட்டு இப்பதான் படுத்தாரு. சாயங்காலம் திரும்ப கம்பெனி பஸ்ஸு வந்துடும். இப்ப தூங்கினாத்தான் உண்டு. போடி அந்தாண்ட.”

அதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. தேர்க் கொட்டகையிலிருந்து முட்டுக்கட்டைகளைத் தூக்கி வந்தார். லாரி ஒரு முழம் நகரும். அவர் குனிந்து கட்டையைச் செருகுவார். மறுபடி ஒரு முழம். வெயில் உச்சிக்கு ஏறி, சரியவும் தொடங்கியது.

நான் கூட்டத்துக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வகை இன்ஜின் தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், திருப்பவே வேண்டாம். முதலில் கிளைப் பாதைகளில் பாசஞ்சர் வண்டி இழுத்தது. பெரிய இன்ஜின்கள் வந்ததும் யார்டில் பெட்டி தள்ளப் போட்டார்கள். டீசல் வந்ததும் மிஞ்சியதைச் சர்க்கரை ஆலைகளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

டிரைவர் தலையை நீட்டினார். “திருப்பவே வேணாமா? காலைலேர்ந்து இத்தத்தான் பாப்பா திருப்பிக்கினு கீறேன்!”

ஒருவழியாக லாரி வளைவைத் தாண்டியதும் யாரோ சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிரைவர் என்னை இன்ஜினுக்குள் ஏற்றிவிட்டார். மீட்டர்களைக் கழற்றிய ஓட்டைகள், துரு, காக்காய் எச்சம். எனக்கு அதுவே கர்ப்பக்கிரகம்.

கீழே சித்தப்பா முட்டுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாந்து கேட்டார்: “உள்ள உக்கார எடம் இருக்குதாம்மா?”

“இல்ல சித்தப்பா. ஓட்டுறவரு, கரி போடுறவரு, ரெண்டு பேரும் நின்னுக்கினேதான்.”

“எவ்ளோ நேரம்?”

“டூட்டி முடியிற வரைக்கும்.”

தலையாட்டினார். அடுத்து சக்கரத்தைக் கேட்பார், கொதிகலனைக் கேட்பார் என்று பதில்களோடு காத்திருந்தேன். அவர் கட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார். தெருக்கோடியில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இப்படி ஒரு இன்ஜினில் கேட்க எத்தனையோ இருக்க, போயும் போயும் இதையா கேட்பார் ஒரு மனிதர்!