பெரியாற்றுத் தண்ணீரில் நட்ட ஏலம்

எனக்குக் கல்யாணம் நடந்தது ஒரு தை மாதம். பெண் மலைக்காரி. கம்பம் மெட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் என் மாமனார் கங்காணியாக இருந்தார். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவில்தான். கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. கழுத்திலும் கையிலும் அவளுக்கு வேர்க்குரு பொங்கியது. சோறு இறங்கவில்லை. மத்தியானத்தில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பானை ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

என் அண்ணன் மனைவி கேலிக்காரி. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கொழுந்தனாரே, ஆடிக்கு அவுக அப்பா வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போவாக. போறவ இந்த வேக்காட்டுக்குத் திரும்பி வருவாளான்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. அவளிடம் கேட்க வாய் வரவில்லை. நாலு மாதத்தில் நான் அவளிடம் பேசிய பேச்சு மொத்தமும் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும்.

கேட்பதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். எங்கள் வாய்க்காலில் ஓடுவது பெரியாற்றுத் தண்ணீர். அது அவளுடைய மலையில் பெய்த மழை. அங்கே அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் ஏலம் இங்கேயும் அதையே குடித்து வளராதா? எனக்கு இதில் துளி சந்தேகமும் இல்லை. எட்டாவது வரை படித்தவன் கணக்கு அது. ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், மலையிலிருந்து பொதிமாடு ஓட்டி வருகிறவரிடம் சொல்லி, ஓர் ஏலத்தூரை மண்ணோடு வரவழைத்தேன். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில், தென்னை நிழலில் நட்டேன்.

காலையில் அவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "ஆத்தாடி, இது இங்கன எப்படி வந்துச்சு?" என்று குனிந்து இலையைத் தடவினாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆனிக் கடைசியில் மாமனார் வந்தார். புறப்படும்போது அவள் என்னைப் பார்த்து, "ஏலத்தைப் பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். ஆடிக்காற்று மெட்டைத் தாண்டி வறண்டு இறங்கியது. மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவந்தது. இலைகள் நார்நாராகக் கிழிந்து, நுனியிலிருந்து கருகின. நான் குடம் குடமாக ஊற்றினேன். மேலே காய்ந்துகொண்டே வந்த செடி கீழே அழுக ஆரம்பித்தது. ஒருநாள் தொட்டதும் தூரே கையோடு வந்துவிட்டது.

அவள் திரும்பி வரும்போது அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஆடியில் புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அதனால் மாடு பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு சாக்கோடு மலையேறினேன்.

அடிவாரத்தில் கள்ளியும் உடைமுள்ளும்தான். கையளவு நிழல் கிடையாது. பாதி ஏறியதும் வேங்கையும் நெல்லியும் வந்தன. புல் இடுப்புயரம் நின்றது. மெட்டில் கால் வைத்தபோது முதுகில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, முகத்தில் சாரல் அடித்தது. அதற்கு அப்பால் மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் பட்டையெல்லாம் பச்சைப் பாசி. ஒரு காலை நேர நடைக்குள் இத்தனை காடுகளா என்று இருந்தது. காலில் அட்டை ஏறியது கூடத் தெரியவில்லை.

தோட்டத்து ஓரமாக மண்டியிட்டு ஒரு தூரைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"எவன்டா அது ஏலத்துக்குள்ள?" மாமனார் குரல். கம்போடு வந்தவர் என்னைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டார். "மாப்ளேயா! ஆடியிலயா! ஐயையோ, என்னங்க இது?" என்றவர், மகளைக் கூப்பிட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அவள் தலையில் மழைக்குப் போர்த்தும் கம்பளிக் கொங்காணியோடு வந்தாள். சேறும் இரத்தமுமாக நின்ற என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா?"

"ம். தண்ணியெல்லாம் ஊத்தினேன்."

"அது சாகும்னு அன்னைக்கே தெரியும். சொன்னா உங்க மூஞ்சி வாடிப்போகும்னு சொல்லல. வேருக்குத் தண்ணி ஊத்திட்டாப் போதுமா? காத்துலயும் ஈரம் வேணும், மேல பெரிய மரம் வேணும். அதை எல்லாம் எந்தச் சாக்குல கட்டிட்டு வருவீக?"

சாக்கைக் கீழே வைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். "அப்ப நீ வர மாட்டியா?"

அவள் முகம் மாறியது. "இதுக்குத்தானா இம்புட்டும்?" என்றாள். பிறகு உட்கார்ந்து, என் காலில் இருந்த அட்டைகளை, இடுப்பில் முடிந்திருந்த உப்பை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "அதுக்குக் கால் இல்ல, நட்ட இடத்துல நின்னு சாகுது. எனக்குக் கால் இருக்குல்ல? ஆவணி பொறந்ததும் இறங்கி வருவேன். சித்திரையில என்னால அங்கன கெடக்க முடியாது, ஏறி வந்துருவேன். வெயிலு தணிஞ்சதும் மறுபடி இறங்குவேன். உங்க வீட்டுல ஏதாச்சும் சொன்னா நீங்கதான் பதில் பேசணும். வாயைத் தெறந்து பேசணும், செடி நடக் கூடாது."

பேசினேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். மதினி கொஞ்ச நாள் கேலி செய்து ஓய்ந்தார்.

இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. ஒவ்வொரு சித்திரையிலும் அவள் மேலே போய்விடுகிறாள். எட்டு நாளைக்கு ஒருமுறை நான் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வருஷத்து மூட்டையும் கட்டியாகிவிட்டது. வாசலில் நின்றுகொண்டு, "எழுதுனது போதும், வெயிலு ஏறுறதுக்குள்ள கள்ளிக்காட்டைத் தாண்டணும்" என்கிறாள்.