துலாமாதத்து அப்டேட்

செம்பகத்தொட்டி முக்கில் இடியை முதலில் கேட்பது சாலிக்குட்டியின் வலது காதுதான். இடது காது பதின்மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. அன்றும் துலாமாதம், மத்தியானம் தவறாமல் இடி இறங்கும் மலையாளத்து ஐப்பசி. யாருக்கோ வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள். கம்பி வழியே இறங்கிய மின்னல் கணினியைக் கரியாக்கி, அவளை நாற்காலியோடு பின்னால் தள்ளிவிட்டது. இடது காதில் அப்போது தொடங்கிய விசில் இன்றுவரை நிற்கவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்களில் பாதி உணர்ச்சிதான். எனவே மலைக்கு அப்பால் ஓர் உறுமல் கேட்டால் போதும், அவள் கை பிளக்குக்குப் போய்விடும். வாடிக்கையாளர் பாதி விண்ணப்பத்தில் உட்கார்ந்திருப்பார், திரை இருண்டுவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவரவர் வீட்டிலும் அந்நேரம் யாராவது டிவி பிளக்கைப் பிடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அந்தக் கட்டடத்தில் நான்கு கடைகளுக்கும் ஒரே மெயின் சுவிட்ச், படிக்கட்டுக்கு அடியில். முதல் இடியைக் கேட்பவர் ஓடிப்போய் அதை இறக்கிவிட வேண்டும், மழை ஓயும்வரை யாரும் ஏற்றக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே சாலிக்குட்டிதான். ஒருமுறை இடி நிற்பதற்குள் மெயினை ஏற்றிவிட்ட தையல்கடை வர்க்கிச்சனை அவள் பேசிய பேச்சை அந்த முக்கில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வர்க்கிச்சன் மட்டும் சிரிப்பதில்லை.

சாலிக்குட்டிக்கு ஐம்பத்து நாலு வயது. டைப்ரைட்டிங் பள்ளியில் தொடங்கி, கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, இப்போது ஆன்லைன் சேவைக் கடை. பஞ்சாயத்தில் பாதிப் பேரின் பிறந்த தேதி அவளுக்கு மனப்பாடம். எதற்கும் பதறுவாள். பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவாள். கணவர் குரியச்சன் ஏலத்தோட்டத்தில் அமைதியாக இருப்பதற்குக் காரணம் ஏலச்செடி அல்ல என்பது ஊரறிந்த விஷயம்.

அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. கணினி கரியான அன்று பழுது பார்க்க வந்தவன், "உள்ள என்னென்ன இருந்துச்சு சேச்சி?" என்று கேட்டான். ஒன்றுக்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஏழு வருடம் கூடவே உட்கார்ந்திருந்த ஒன்றைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று கூசிப்போனாள். மறுமாதம் புதிய கணினி வந்ததிலிருந்து, தினமும் காலையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குச் சிவப்பு விளக்கைப் போட்டதும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறப்பாள். தேதி, பதிப்பு எண், நினைவகம், மிச்ச இடம், கடைசியாக அப்டேட் ஆயிற்றா என்பதற்கு ஒரு டிக். கணினிகள் மாறின. வழக்கம் மாறவில்லை. பதினோராவது நோட்டுப் புத்தகம் நடந்துகொண்டிருந்தது. பாலியேட்டிவ் கிளினிக் நர்ஸ் ஜிஸ்மி அதற்கு டெம்பரேச்சர் சார்ட் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஜிஸ்மிக்கு முப்பத்தெட்டு வயது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைத் தேடி ஜீப்பில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிறவள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் போக வேண்டியதுதான். இரண்டு முறை தவறிவிட்டது. இது மூன்றாவது. கடிதம் அந்த மாதக் கடைசிவரைதான் செல்லும், அதற்குள் வேறு தேதி கிடையாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்க, மூடிய அறையில் தனியாக உட்கார்ந்து கணினியில் எழுதும் பரீட்சை. அவள் வீட்டில் இணையமே எட்டாது, டவுன் கடைகளில் கதவு வைத்த அறை கிடையாது. சாலிக்குட்டியின் கடையில் உள்ளறை உண்டு.

பரீட்சைக்கு ஐந்து நாள் முன்பு ஜிஸ்மி போனில் கேட்டிருந்தாள், கணினியில் அப்டேட் எல்லாம் சரியாக இருக்கிறதா, பழைய பதிப்பு என்றால் பரீட்சை திறக்காதாம் என்று. சாலிக்குட்டி நோட்டைப் பார்த்தாள். வரிசையாக டிக். எல்லாம் சரி, நீ படி, என்று சொல்லிவிட்டாள்.

பரீட்சை வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு. முன்கூட்டியே பார்த்துவிடுவோம் என்று ஜிஸ்மி பதினொன்றரைக்கே வந்து, பரீட்சைக்காரர்கள் கொடுத்த சோதனையை ஓட்டினாள். கேமரா பச்சை, மைக் பச்சை, இணையம் பச்சை. நாலாவது சிவப்பு. இயங்குதளம் மிகப் பழையது, புதுப்பித்த பிறகு வரவும், என்றது திரை.

சாலிக்குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டாள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, இந்த முறை உண்மையிலேயே படித்தாள். கடைசி அப்டேட் பதினாலு மாதத்துக்கு முன்பு. நோட்டைப் புரட்டினாள். பதினாலு மாதமாக முந்தின நாள் வரியைப் பார்த்து அடுத்த நாள் வரியை எழுதியிருக்கிறாள். எண்தான் மாறுவதே இல்லையே என்று எப்போது பார்ப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏன் மாறவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. அப்டேட் ஒவ்வொரு முறையும் மத்தியானத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது. மேகம் கறுத்திருக்கிறது, பிளக் கையில் வந்திருக்கிறது, ஏறியதெல்லாம் திரும்ப இறங்கியிருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் அவளே நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருக்கிறாள்.

ஒளிக்கத் தெரிந்தவள் இல்லை. நோட்டை ஜிஸ்மியின் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜிஸ்மி இரண்டு பக்கம் புரட்டினாள். "நைட் ட்யூட்டில நாங்களும் இப்படி எழுதுறதுதான் சேச்சி. நேத்து தொண்ணூத்தெட்டு, இன்னிக்கும் தொண்ணூத்தெட்டு. நிஜமாவே காய்ச்சல் வர்ற அன்னிக்கு மாட்டிப்போம்."

அவள் திட்டியிருந்தால் சாலிக்குட்டிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு ஐந்துக்கு அப்டேட்டைத் தொடங்கினார்கள். திரை நீலமானது. கணினியை அணைக்க வேண்டாம் என்ற வரிக்குக் கீழே சதவீதம். ஏழு. பதினொன்று. பதினொன்றிலேயே இருபது நிமிடம். கட்டன்சாயா வந்தது, ஆறியது. ஜிஸ்மி ஆங்கிலக் குறிப்புகளைக் கையில் வைத்திருந்தாளே தவிர, ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஆறாம் வகுப்பு, அம்மாவுக்கு முட்டி மாற்ற வேண்டும், இந்தக் கடிதமும் போனால் அடுத்தது இந்த வயதுக்கு வராது. இதெல்லாம் சாலிக்குட்டிக்குத் தெரியும். விண்ணப்பங்கள் அத்தனையும் அவள் தட்டியவைதானே.

ஒன்று இருபதுக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம். மலைக்கு அப்பால் உறுமியது.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தாலும் அவளுக்கு நினைவில்லை. திரை இருண்டிருந்தது. பிளக் அவள் கையில் இருந்தது.

"சேச்சி," என்றாள் ஜிஸ்மி. "என்ன பண்ணீங்க?"

சாலிக்குட்டி பிளக்கைப் பார்த்தாள். "நான் இல்ல மோளே. கை."

திரும்பச் செருகியபோது கணினி வெகுநேரம் முனகிவிட்டு, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் காட்டியது. அதற்கே அரைமணி. பழைய எண் பழையபடி வந்து நின்றது. மணி ஒன்று ஐம்பத்தைந்து. மறுபடி முதலிலிருந்து. முன்னைப் போலவே போனால் மூன்றேகாலுக்கு முடியும், மூன்றரைக்குப் பரீட்சை. நடுவில் ஒரு தரம் மின்சாரம் போனால் கதை முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் இப்போது கறுப்பு மட்டும்தான் தெரிந்தது.

இனி இந்த அறையில் தன் கையை நம்பக் கூடாது என்று சாலிக்குட்டிக்குப் புரிந்தது. இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இங்கே அவள் சும்மா இருந்தாலும், அடுத்த இடிக்கு வர்க்கிச்சன் ஓடிப்போய் மெயினை இறக்கிவிடுவான். அவளே பழக்கிய வழக்கம் அல்லவா?

"நீ இத பாத்துக்கோ. என்னை உள்ள விடாத, நான் கெஞ்சினாலும் விடாத," என்று ஜிஸ்மியிடம் சொல்லிவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு மர ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போனாள். துலாமாதத்து மத்தியானத்தில் உலகத்திலேயே அவள் நிற்க விரும்பாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த மெயின் சுவிட்சின் அருகில்தான். ஸ்டூலில் ஏறி, முதுகால் அந்தப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். வாய் ஜெபமாலை சொல்லியது. எண்ணிக்கை அடிக்கடி தவறியது.

இரண்டு இருபதுக்கு இடி இறங்கியது. அடுத்த நொடி தையல்கடையிலிருந்து வர்க்கிச்சன், கழுத்தில் டேப்போடு.

"நகரு சாலி."

"முடியாது வர்க்கிச்சா."

"நீதான சட்டம் போட்டது? என்னை நாலு பேர் முன்னாடி நாய் மாதிரி பேசினியே, அந்தச் சட்டம்."

"நான்தான் போட்டேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு நானே எடுக்குறேன். உள்ள ஜிஸ்மியோட பரீட்சை."

"என் தையல் மெஷின் மோட்டார் போச்சுன்னா?"

"உன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டுக் கால மேல வெச்சு உக்காரு. மத்த ரெண்டு கடைலயும் சொல்லிடு. மெயினைத் தொடாத."

வர்க்கிச்சன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. "உன் கம்ப்யூட்டர் போச்சுன்னா? நீ போயிட்டா?"

இன்னொரு இடி. கண்ணை இறுக மூடினாள், நகரவில்லை. வர்க்கிச்சன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய், மூன்று கடைப் பிளக்குகளையும் பிடுங்கிப் போட்டான். போகிற போக்கில், பைத்தியம் தெளிந்தால் சொல்லி அனுப்பு என்றான்.

மூன்று பதினெட்டுக்கு ஜிஸ்மி வாசலில் வந்து நின்றாள். "வந்துருச்சு சேச்சி."

உள்ளே ஓடிப்போய் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தாள் சாலிக்குட்டி. புதிய எண். ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து நோட்டில் எழுதினாள். டிக் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. சோதனையை மறுபடி ஓட்டினார்கள், நாலும் பச்சை. பரீட்சையின் விதிகள் திரையில் வந்தன: மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, சுவரில் படம், எழுத்து எதுவும் கூடாது, இனி யார் அறைக்குள் வந்தாலும் பரீட்சை ரத்து. காலண்டரைக் கழற்றினாள். திருஇருதயப் படத்தையும் விளக்கோடு கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

மறுபடி படிக்கட்டுக்கு அடியில், அதே ஸ்டூல், இப்போது கக்கத்தில் இயேசு. முன்பாவது சதவீதம் ஏறுகிறதா என்று கேட்டுக்கொள்ள முடிந்தது. இப்போது எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நாலு மணி வாக்கில் எங்கோ பக்கத்தில் இடி விழுந்தது. சேவைக் கடையின் முன்னறை பல்பு மங்கிச் சிவந்து, பிறகு எழும்பியது. உள்ளே திரை அணைந்ததா? ஜிஸ்மி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாளா? ஒரு சத்தமும் இல்லை. தன் இடது காதின் விசிலையும் மழையையும் கேட்டுக்கொண்டு, பதினாலு மாதத்து டிக்குகளுக்கும் சேர்த்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். படத்தின் கண்ணாடி அவள் வியர்வையில் வழுக்கியது.

ஐந்து பத்துக்குக் கதவு திறந்தது. ஜிஸ்மி வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஒரு தடவ மங்குச்சு. அணையல. எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"அனுப்பியாச்சா? போயிடுச்சுன்னு வந்துச்சா?"

"வந்துச்சு. பாஸா ஃபெயிலான்னு ரெண்டு வாரம் கழிச்சு."

சொல்லிக்கொண்டே பழக்கத்தில் சாலிக்குட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "நூத்தி முப்பது. பரீட்சை எழுதுன எனக்கே இவ்வளவு இல்ல சேச்சி. இறங்குங்க."

சாலிக்குட்டி இறங்கவில்லை. திரும்பினாள், இரண்டு கையாலும் பிடித்து மெயினை இறக்கினாள். கட்டடம் முழுவதும் இருண்டது. தையல்கடையில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த மோட்டார் நின்றது. வர்க்கிச்சன் உரக்க அவளுடைய அப்பன் பெயரைச் சொல்லித் திட்டினான்.

"சேச்சி, இடி நின்னு அரைமணி ஆச்சு," என்றாள் ஜிஸ்மி. "வெயிலே அடிக்குது பாருங்க."

"தெரியும் மோளே." சாலிக்குட்டி ஸ்டூலிலேயே உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இப்பதான் பயப்பட நேரம் கெடச்சுது. கொஞ்சம் பக்கத்துல இரு."

ஜிஸ்மி ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டை விடவில்லை.