மாறிப்போன இரண்டு மூடிகள்

என் வீட்டுக்காரருக்கு ஆய்வகத்தில் 'உப்புக்காரர்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே உப்புக் கரைசல் கலக்குகிறார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் அவருக்குத் தெரியாது.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்தான் அவள் பாடம். அது இரண்டு பாதியாம். சின்னப் பாதி முதலில் செய்தி ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும். தொடங்கும் இடத்தில் முதல் அமினோ அமிலம் வந்து உட்காரும். அதுவரை ஓர் உதவிப் புரதம் பெரிய பாதியை ஒட்டவிடாமல் மறித்து நிற்கும். எல்லாம் சரியான பிறகுதான் பெரிய பாதி வந்து சேரும், வேலை தொடங்கும்.

"மக்னீசியம் கூடிப்போச்சுன்னா அவ்வளவுதான். ரெண்டு பாதியும் யாரையும் கேக்காம ஒட்டிக்கும்," என்பார் இவர்.

அதனால் குறைந்த மக்னீசியத்துக்கு ஒரு பாட்டில், கூடினதற்கு ஒரு பாட்டில். பாட்டிலில் எழுத மாட்டார். மூடியில்தான் 'ஒன்று', 'பத்து' என்று எழுதுவார். ஒருநாள் மூடிகள் மாறிவிட்டன.

"அண்ணா, குறைஞ்ச மக்னீசியத்துலயே, செய்தியே இல்லாம ரெண்டும் சேருது! யாருமே இப்படிப் பாத்ததில்ல!" என்று மாணவி துள்ளிக் குதித்தாளாம். இவருக்கு உறுத்தியது. பாட்டிலில் மிச்சமிருந்ததை அளந்து பார்த்தார். 'ஒன்று' மூடி போட்ட பாட்டிலில் இருந்தது பத்து. வீட்டுக்கு வந்து பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார். அவர் வேலை நிரந்தரமாகும் பட்டியல் அந்த மாதம்தான் வரவிருந்தது.

"இப்போ வாயத் திறக்காதீங்க. அடுத்த பாட்டிலச் சரியாக் கலந்து வெச்சிடுங்க. தானா அடங்கிடும்," என்றேன். சொன்னவள் நான்தான்.

பட்டியலில் அவர் பெயர் வந்தது. மாணவியின் கண்டுபிடிப்புதான் காணாமல் போனது. மூன்று மாதம் அவள் மாய்ந்து மாய்ந்து செய்து பார்த்தாள். "என் கையே சரியில்லண்ணா. நான் இதுக்கு லாயக்கில்ல," என்று இவரிடமே வந்து அழுதாளாம். படிப்பை விடுவதாகக் கடிதம் எழுதிவிட்டாள் என்று தெரிந்ததும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கேட்காமலே போய், மூடி மாறியதையும் தான் மறைத்ததையும் அவளிடம் சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லையாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டாளாம். ஆனால் அன்றிலிருந்து இவர் அவளுக்கு 'சார்'. "சார், ஒண்ணாம் நம்பர் குடுங்க." அந்த 'அண்ணா' போனது போனதுதான். இவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சும்மா இருந்த மனுஷனைக் கெடுத்தவள் நான்.

படிப்பு முடிந்ததும் இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். இவரிடம் பெட்டியை நீட்டி, "எடுத்துக்குங்க சார்," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க எடுத்துச் சொல்லித்தான் அவர் உண்மையச் சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும்."

இவர் தலையை நிமிர்த்தவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

நான் "ம்" என்றேன்.