ஏழு படங்கள், ஆறு வீடுகள்

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்களில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. இந்துக் குடும்பமும் வைக்கும், கிறித்தவக் குடும்பமும் வைக்கும். ஊருக்குள்ளும் உண்டு, காலனியிலும் உண்டு. எனக்கும் அதே பெயர்தான். அதை இங்கே எழுதப் போவதில்லை. டீக்கடை முன்னால் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு சொன்னால் போதும்.

அதனால் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பெயருக்கு முன்னால் ஓர் ஒட்டு உண்டு. லேத்து, கம்பவுண்டர், கிளாரினெட்டு, இப்படி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் வாசலில் உட்கார்ந்து, வருகிற ஆள் போகிற ஆள் எல்லாம் எண்ணியே என் உத்தியோகம் முடிந்தது. ஆகவே நான் 'டைம் ஆபீஸ்'. ஆனால் ஆள் செத்த அன்றே அந்த ஒட்டு கழன்றுவிடும். இறந்தவரைப் பட்டப்பெயரால் சொல்வது மரியாதை இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட வெறும் பெயர்தான் இருக்கும். சில வருஷம் கழித்து யாராவது அந்தப் பெயரைச் சொல்லி, அவர் இதைச் செய்தார் அதைச் செய்தார் என்று பேசினால், எந்த அவர் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஊர்ப் படிப்பகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. சுவரில் யார் படத்தை மாட்டுவது என்று கமிட்டியில் சண்டை. ஒருவர் தன் கட்சித் தலைவர் படம் என்றார், அடுத்தவர் தன் கட்சித் தலைவர் என்றார், மூன்றாமவர் சாமி படம் போதும் என்றார். மூன்று கூட்டம் போட்டோம், மூன்றும் நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் முடிந்தன. கடைசியில் செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். அவர் எங்கள் பழைய பஞ்சாயத்துத் தலைவரின் மகன். கட்டடம் நிற்கிற நிலமும் அந்தக் குடும்பம் கொடுத்ததுதான். அவர் அப்பாவுக்கும் எங்கள் பெயர்.

"எவன் படமும் வாணாம்பா. நம்ம ஊர்ல இந்தப் பேரு வெச்சிக்கினு செத்துப்போன பெரிய மனுஷங்க படமா மாட்டுவோம். தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு. எவனும் வாயத் தொறக்க முடியாது."

"அப்போ டைம் ஆபீஸ் சாருக்கு ஒரு எடம் காலியா வுட்டு வையுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பேர் என்று முடிவாயிற்று. படத்திறப்பு விழாக்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தருகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் ஏழு குறிப்புகளும் என் தலையில் விழுந்தன. ஒரு படத்துக்கு நூறு சொல் என்று நானே அளவு வைத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினேன்.

சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், உடைந்துபோன பாகத்தை விடிவதற்குள் லேத்தில் கடைந்து கொடுத்தவர் ஒருவர். அவர் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை, அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. இன்னொருவர் கம்பவுண்டர். ஊசி போட்டால் குழந்தையோடு சேர்ந்து தானும் அழுவார் என்று அவர் மருமகள் சொன்னார். கிளாரினெட் வாசித்தவர் கோயிலுக்கும் வாசித்தார், சர்ச்சுக்கும் வாசித்தார். தன் மகள் கல்யாணத்தில் பெண்ணுக்கு அப்பாவாக உட்கார மாட்டேன் என்று சொல்லி பேண்டு செட்டோடு நடந்தே வந்தார். அத்திப்பட்டு மின் நிலையத்தில் வேலை கிடைத்த ஒருவர் இருந்தார். கரண்ட் போனால் ஊரே அவர் வீட்டு வாசலில் நின்று அவரைத் திட்டும். அவரும் ஏதோ தான்தான் அணைத்துவிட்டது போல, வந்துடும் வந்துடும் என்று சமாதானம் சொல்வார். தலைமையாசிரியர் ஒருவர், பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தானே தேதி போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்ததற்கு அவரே காரணம்.

ஆறாமவர் பஞ்சாயத்துத் தலைவர். ஊர்க் கோயிலோடு திரும்பிவிடும் பஸ்ஸைக் காலனி வரைக்கும் போகவைத்தவர் என்று அவருக்கு எழுதினேன். டீக்கடையில் யாரைக் கேட்டாலும், எங்கள் பெயரைச் சொல்லி, அவராலதான் பஸ் வந்தது என்றார்கள். தலைவர் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டது எனக்கே தெரியும். செயலாளரும், "ஆமா சார், அப்பாதான்" என்றார். எழுதியதில் இதுதான் நன்றாக அமைந்தது என்று எனக்கு ஒரு பெருமை.

ஏழாமவர் காலனிக்காரர். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். காலனி சார்பில் யாராவது வேண்டும் என்று கமிட்டி சேர்த்த பெயர். அவரைப் பற்றியும் டீக்கடையிலேயே கேட்டேன். "நல்ல மனுஷன் சார்" என்றார்கள். அதையே எழுதினேன். 'கடின உழைப்பாளி. எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர். ஊர் மக்களின் நன்மதிப்பைப் பெற்றவர்.' பத்துச் சொல்கூட இல்லை. நூறு சொல் அளவு வைத்த நான் அதைப் பார்த்துவிட்டு, சரி, பிரேமில் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் இடம் நிறைந்துவிடும் என்று நினைத்தேன்.

தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. காலனியிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்தார்கள். ஏழாமவரின் மகள் முன்னால் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கேன்டீனுக்கு சூப்பர்வைசர். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். அப்பா படத்துக்கு முன்னால் நின்று படித்தார். பிறகு பக்கத்துப் படத்தைப் படித்தார். திரும்பவும் அப்பா படத்துக்கு வந்தார்.

"இத எழுதுனது யாரு?"

நான்தான் என்று பக்கத்தில் நின்றவர்கள் காட்டினார்கள்.

"சார், எங்க நைனாதான் பஸ்ஸ வரவெச்சவரு. இதுல அவரு பஸ்ல ஏறுனவருன்னுகூட இல்லயே."

செயலாளர் என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "பிரிண்டிங் மிஸ்டேக்மா. பாத்து மாத்திடலாம்."

"பிரிண்டிங் மிஸ்டேக்கா? பிரிண்டு போடுறப்போ எங்க பஸ்ஸு அப்படியே தாவி பக்கத்து போட்டோவுக்குப் பூட்சா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல சார்? பஸ்ஸுதான் வருதே" என்றார். வந்தவர்களை அழைத்துக்கொண்டு, கேசரி வாங்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். முட்டி வலி, அவ்வளவு தூரம் போக முடியவில்லை என்றேன்.

"ஆறு ஊட்டுக்குப் போன காலு ஏழாவது ஊட்டுக்கு மட்டும் வலிச்சிதா?" என்று கேட்டுவிட்டு அவள் சீரியலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆறு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், காபி கொடுத்தார்கள், ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஏழாவது வீட்டுக்குப் போகக்கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. இதில் எது பெரிய கேவலம் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர், "கோயில்தான சார் நீங்க?" என்றார். இல்லை, காலனி என்றேன். பிறந்து வளர்ந்த ஊரில் அந்த டிக்கெட்டை நான் வாங்கியது அதுவே முதல் தடவை.

ஏழாமவரின் மகள் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியம் காட்டவில்லை. "வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். கையில் பேனாவை எடுத்தேன்.

"எழுதறத அப்புறம் எழுதலாம் சார், மொதல்ல கேளுங்க. பஸ்ஸு அப்போ கோயிலாண்டயே திரும்பிடும். அங்கேர்ந்து நாங்க நடக்கணும். மழைன்னா முட்டி வரிக்கும் சேறு. கண்டக்டராண்ட கேட்டா, உள்ள வந்தா பஸ் திருப்ப எடமில்லன்னுவாரு. ஒருநாள் காத்தால நைனா போயி, கோயிலாண்ட பஸ்ஸு திரும்புற எடம் இருக்குதுல்ல, அங்க நட்ட நடுவுல குந்திக்கினாரு."

"மறியலா?"

"இன்னா மறியலு? பீடி பத்தவெச்சிக்கினு சும்மா குந்தியிருந்தாரு. பஸ்ஸு முன்னால போறதுக்கு வழி தாராளமா வுட்டுட்டாரு. திருப்ப மட்டும் முடியாது. ரிவர்ஸ்லயே மெயின் ரோடு வரிக்கும் போவ முடியுமா? டிரைவர் திட்டிக்கினே நேரா வந்தாரு. வந்தா எங்க கிரவுண்டு. அங்க லாரியே திரும்பும். தெனமும் காத்தால போயி குந்திக்குவாரு. போலீஸ் வந்து 'இன்னாடா, பஸ்ஸ மறிச்சியா'ன்னாங்க. 'நான் எங்கய்யா மறிச்சேன்? பஸ்ஸ போவச் சொல்லுங்க'ன்னாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 'மறியல்' என்று ஒட்டு வைத்து ஒருவரை ஊரே கூப்பிட்டது உண்டு. அவர் செத்ததும் வழக்கப்படி அந்த ஒட்டு கழன்றது. மிச்சம் நின்றது பெயர். அந்தப் பெயரில் ஒரு பஞ்சாயத்துத் தலைவரும் இருந்தார். பஸ் தானாக அவர் பக்கம் போய்விட்டது.

"தலைவரு மனு எழுதுனது அப்புறமா?" என்றேன்.

"அப்புறந்தான். தெனமும் வந்துக்கினு இருந்த பஸ்ஸுக்கு அவரு கையெழுத்து போட்டாரு. அதுவும் நல்லதுதான் சார், நான் தப்பு சொல்லல. பஸ்ஸு போர்டுல எங்க காலனி பேரு வந்திச்சே. ஆனா மாலை போட்டு பஸ்ஸ வுட்ட அன்னிக்கு நைனாவ யாரும் கூப்புடல. போட்டோலயாவது அந்த பஸ்ஸ அவருக்குக் குடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

புதுக் குறிப்பை எழுதிச் செயலாளரிடம் கொண்டுபோனேன். வயல் வரப்பில் நின்று படித்தார். மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஆளுக்குக் குரல் கொடுத்தார். திரும்பவும் படித்தார்.

"பேஜாரு புட்ச்ச வேல சார் இது. ரெண்டு பேருமே பூட்டாங்க. யாரு வரவெச்சிருந்தா இன்னா? பேரு ஒண்ணுதான?"

"ஆளு ரெண்டு" என்றேன்.

"எங்கப்பா படத்துல கைய வெச்சா எங்கம்மா சோறு துன்னாது. கமிட்டில வைங்க. அவங்க சொல்றதக் கேக்கறேன்."

கமிட்டி கூடிய அன்று ஏழாமவரின் மகளான அந்த அம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். டியூட்டி முடிந்து கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க நேராக வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். செயலாளர் நியாயமாகத்தான் கேட்டார். ஊரெல்லாம் விசாரித்து எழுதினேன் என்று குறிப்புகளைக் கொடுத்த அன்றைக்குச் சொன்னீர்கள், இன்றைக்கு மாற்றிச் சொல்கிறீர்கள், எதை நம்புவது என்றார்.

பிரிண்டிங் மிஸ்டேக் என்று இன்னொரு முறை சொல்ல முடியாது. எழுந்து நின்றேன்.

"ஊரெல்லாம் விசாரிக்கல. ஆறு ஊட்டுக்குப் போனேன். இவங்க ஊட்டுக்குப் போவல. போவாமலே எழுதிட்டேன். தப்பு என்னுது. பஸ்ஸு இவங்க அப்பா கொண்டாந்தது. தலைவரு மனு குடுத்தாரு. ரெண்டையும் அப்படியே எழுதணும்."

முன்வரிசையில் இருந்த பெரியவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். குரலில் அவ்வளவு கனிவு.

"அட, குந்துப்பா. இதுக்கெல்லாமா வருத்தப்படுவாங்க? நாங்க மட்டும் இன்னா? இங்க குந்தினு இருக்கறதுல யாரு அந்தப் பக்கம் போயிருக்கோம்?"

"அதான?" என்றார் இன்னொருவர். "இதப் போயி பெரிசு பண்ணிக்கினு. மாத்தி எழுதிட்டாப் போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். செயலாளரும் பெருமூச்சு விட்டு, சரி, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். ஒரே நிமிஷத்தில் இரண்டு படத்தையும் மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேலாக என்னைத் தூங்கவிடாத விஷயம், டீ வருவதற்குள் தீர்ந்துபோயிற்று. என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். என்னை ஆறுதல்படுத்த வேண்டும் என்று மனதாரத்தான் அப்படிச் சொன்னார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்க நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. டீ கிளாஸ் வைத்த தட்டு அவரிடம் போனதும், அவர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டதும் சத்தத்தில் தெரிந்தது. குடித்து முடித்துவிட்டு எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"படத்த ஞாயித்துக்கெழம மாட்டுங்க சார். அன்னிக்கு எனக்கு லீவு" என்றார்.

சரி என்றேன். தலை குனிந்தபடியே சொன்னேன்.