நெடி அடிக்கா?

கொரோனா சமயத்தில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்துக்கு மருந்தடிக்க ஒருவர் வருவார். முதுகில் மஞ்சள் டேங்க், எப்போதும் நீர் வடியும் சிவந்த கண்கள். அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். நாள் முழுக்க என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பக்கெட்டில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்ததும் என் ஜன்னலடியில் நின்று கேட்பார்: "அண்ணாச்சி, நெடி அடிக்கா? தெனமும் இதையே மோந்து எனக்கு மூக்கு செத்துப்போச்சு."

"காட்டமாத்தான் இருக்கு, போதும்" என்பேன். அதுதான் அவருக்கு அளவு.

ஒரு நாள் எனக்கு லேசான தலைவலி. "ஒண்ணும் அடிக்கலையே" என்றேன்.

"தண்ணி ஜாஸ்தியாயிட்டு போல" என்று இன்னும் இரண்டு கை பவுடரை அள்ளிப் போட்டார். கலக்கும்போதே இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே சந்து முழுக்க அடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டீ போட்டேன். இஞ்சி மணக்கவில்லை. சோப்பை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். அதுவும் மணக்கவில்லை.

மறுநாள் வேறொருவர் வந்தார். முந்தையவர் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்று இந்தியில் சொல்லிவிட்டு, என் ஜன்னலடியில் நிற்காமல் அடித்துக்கொண்டே போனார்.