மாடிப்படிக்காக மனு கொடுத்தவர்

மாநகராட்சி அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. திங்கள்தோறும் ஓர் அம்மா வருவார். ஒல்லியான உடம்பு. பட்டுநூலுக்குச் சாயம் போட்டுப் போட்டுச் சிவந்துபோன விரல்கள். தன் குடியிருப்பின் மாடிப்படியிலிருந்து பெயர்ந்து விழுந்த காரைத் துண்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் என் மேசைமேல் வைப்பார்.

"இது நேத்து விழுந்துதுபா. கொழந்தைங்க ஏறி எறங்குற எடம். யாரு தலையிலயாவது விழறதுக்குள்ள சரி பண்ணுங்கபா."

அங்கே நாற்பது குடும்பங்கள் இருந்தன. மனுவில் அவர் கையெழுத்து மட்டுமே இருக்கும்.

கடைசியில் பொறியாளர் போய்ப் பார்த்தார். படியை யாரும் சரிசெய்யவில்லை. கட்டடமே ஆபத்தானது, ஒரு மாதத்தில் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். யார் கொடுத்த மனுவின் பேரில் இந்த நடவடிக்கை என்று அவர் பெயரும் அதில் இருந்தது. தட்டச்சு செய்தவன் நான்தான்.

அடுத்த திங்கள் வந்தபோது அவர் சேலையெல்லாம் சாணி.

"என்னம்மா இது?"

"கீழ்வீட்டுப் பொண்ணு கரைச்சி ஊத்திட்டா. அவ புள்ளைங்களுக்காகத்தான் நான் அலைஞ்சிக்கினு இருந்தேன். மாத்து வீடு குடுப்பாங்களாபா?"

"அதுக்குத் தனியா மனு குடுக்கணும்மா."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"படி இடிஞ்சி ரெண்டு பேரு செத்திருந்தா, என்னை யாரும் திட்டியிருக்க மாட்டாங்க, இல்லபா?"

ஆமாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்தவரைக் கூப்பிட்டேன். அதன்பிறகு அவர் எந்த மனுவும் கொடுக்க வரவில்லை.