ஒரு சுற்றுகூட வெட்டக் கூடாது

காலைப் பாத்திரங்களைக் கழுவுவது அந்த வீட்டில் தையல்காரரின் வேலை. மனைவிமேல் பொங்கி வழியும் பிரியத்தால் அல்ல; சாப்பாட்டு மேஜை சீக்கிரம் காலியாக வேண்டும், அவ்வளவுதான். எட்டரைக்கு மேல் மேஜையில் தட்டு கிடந்தால் அவள் அதன்மேலேயே வரைபடத் தாளை விரித்துவிடுவாள். ஒருமுறை அப்படித்தான் ஒரு வண்டியின் பின்னச்சுப் படத்தின்மேல் டீத்தம்ளர் வட்டம் பதிந்து போய், அதற்கு அளவு போடவில்லையே என்று பட்டறையிலிருந்து ஆள் கேட்டு வந்தது.

அன்று அவர் கடைசித் தம்ளரைக் கவிழ்க்கும்போது அவள் போன் அடித்தது. அவளுடைய அண்ணன். கார் பட்டறை வைத்திருப்பவர்.

"நீ வரைஞ்சு குடுத்த ஸ்பிரிங் காலை வாரிடுச்சு. டாக்டர் வண்டி முன்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கிட்டு நிக்குது. ஓட்டிப் பார்த்தா கட்டாந்தரையில உக்காந்து போற மாதிரி இருக்கு. ரெண்டு ஸ்பிரிங்லயும் ஆளுக்கு ஒரு சுத்து வெட்டிடலாம்னு இருக்கேன். அவர் ரெண்டு மணிக்கு வர்றார்."

"வெட்டாதே அண்ணே."

"வெட்டாம, உப்புப் போட்டு ஊற வைக்கவா?"

"நான் வர்றேன். அதுவரைக்கும் கட்டிங் மெஷினை யாரும் தொடக் கூடாது."

தையல்காரர் துண்டில் கை துடைத்துக்கொண்டே கேட்டார். "அளவு தப்பா?"

"இல்ல."

"பார்க்காமலே எப்படிச் சொல்ற?"

"நான் போட்ட அளவு, அதான்."

"நானும் கடையில இப்படித்தான் சொல்லுவேன். அப்புறம் உள்ள போய் பிரிச்சுத் தைப்பேன்."

அவள் அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்துப் பையில் திணித்தாள்.

பட்டறையில் அவளுக்கு டிராயிங்கம்மா என்று பெயர். பத்தொன்பது வயதில் லாரி ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் படம் பிரதி எடுக்கச் சேர்ந்தவள். கோடு அழகாக வரும், அது போதும் என்று சேர்த்தார்கள். கோட்டுக்குப் பின்னால் இருந்த கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளே படித்துக்கொண்டு, ஐந்தாவது வருஷம் பொறியாளர் போட்ட அளவில் பிழை இருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினாள். பிழை இருந்தது. அதற்காக யாரும் அவளிடம் மூன்று மாதம் பேசவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, வரைபடப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நீங்கள் ஸ்டோரில் ரெஜிஸ்டர் எழுதப் போங்கள் என்றார்கள். ராஜினாமாவைத் தான் கடைசியாக வரைந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டாள்.

டாக்டர் வண்டிதான் முதல் அட்சரத்திலிருந்து அவளே போட்ட முதல் கார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இரண்டு கதவு வண்டி. பிறந்தபோது சீறிப் பாய்ந்த ரகம். அதற்கான ஸ்பிரிங்குகள் இப்போது எங்கும் செய்வதில்லை. முன்னால் வைத்திருந்தவர் வேறெதற்கோ செய்த முரட்டு ஸ்பிரிங்குகளை மாட்டித் தரையோடு தாழ்த்தி வைத்திருந்தார். பல் டாக்டருக்கோ மலைப்பாதையில் வேகமாகத் திரும்பவும் வேண்டும், இறங்கும்போது இடுப்பு நிமிரவும் வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு தராசுகளை இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து அவள் வண்டியை எடை போட்டாள். அப்போது டாக்டரையும் உள்ளே உட்காரச் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா?"

"டாக்டர், நீங்களும்தானே வண்டியோட போகப் போறீங்க."

அவர் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எக்கினாலும் தராசு இரங்கவில்லை.

அந்தக் கணக்கை ஆறு வாரம் போட்டாள். கம்பியின் கனம் அரை மில்லி கூடினால் போதும், ஸ்பிரிங் ஆறில் ஒரு பங்கு அதிகமாக முரண்டு பிடிக்கும். ஒரு சுற்றை வெட்டினால் வண்டி தாழும், கூடவே இன்னும் முரடாகும். வெட்டிய ஸ்பிரிங்கை யாரும் அவள் போட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லத்தான் போகிறார்கள். அதோடு அவளிடம் இனி யாரும் கார் கொண்டுவர மாட்டார்கள்.

பட்டறைக்குப் போனபோது ஒரு பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். மேலிருந்து முதல் சுற்றில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு. அவள் முதலில் கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தாள். பிறகுதான் கம்பியை அளந்தாள். பன்னிரண்டு மில்லி. சுற்றுகளை எண்ணினாள். உயரம் பார்த்தாள். எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன.

"ஸ்பிரிங் சரியா இருக்கு. வண்டியை வேற ஏதோ தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"எது, பேயா?" என்றார் அண்ணன்.

அவரே தொடர்ந்தார். "லாரியை வரைஞ்ச கை இது. கார்னா நாசூக்கு வேணும். நான் முப்பது வருஷமா பாக்கறேன். ஏத்தமா நின்னா வெட்டணும், அவ்வளவுதான்."

"நீ வெட்டின வண்டியிலதான் டாக்டருக்கு இடுப்பு போச்சு."

"அது நான் வெட்டினதில்ல."

"உன்னை மாதிரி ஒருத்தர் வெட்டினது."

பட்டறையின் பெரிய மெக்கானிக் சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டான். எதையும் ஒரு சுற்று கூடுதலாக முறுக்குவதால் அவனை எல்லோரும் 'டைட்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சக்கரத்தைத் தாங்கற கீழ் ஆர்முக்குப் புது ரப்பர் போட்டியே, அந்த போல்ட்டை எப்ப முறுக்கின?"

"வண்டியை லிஃப்ட்ல தூக்கித்தான்க்கா. மேல இருந்தாத்தானே ஸ்பானர் போகும்."

"சக்கரம் தொங்கும்போதா?"

"ஆமா. நல்லா முறுக்கிட்டேன்."

"அது தெரியும்." அவள் அவனைப் பட்டறைத் தூணருகே கூட்டிப்போய், தூணை இறுகப் பிடிக்கச் சொன்னாள். "கையை விடாம உடம்பை மட்டும் அந்தப் பக்கம் திருப்பு."

திரும்பினான். முழங்கை இழுத்தது. "வலிக்குதுக்கா."

"உன் கைதான் அந்த ரப்பர். வண்டி தரையில நிக்கும்போது பிடிச்சிருந்தா வலிக்காது. தொங்கும்போது பிடிக்க வெச்சுட்டு அப்புறம் கீழ இறக்கியிருக்கே. அது முறுக்கிக்கிட்டு வண்டியை மேல தள்ளுது. ஸ்பிரிங் வேலையில பாதியை அது பண்ணுது."

அவன் தூணை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தரையில நிறுத்தி எப்படி முறுக்கறது? ஆள் உள்ள நுழைய முடியாது."

"கீழ நின்னு வேலை பாக்கற பள்ளம் இருக்கே."

"அதை மூடி ஆறு வருஷமாச்சு. டயர் போட்டு வெச்சிருக்கோம்."

"எடுப்போம்."

அவள் கணவரின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு பலகையைத் தூக்க ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயதுக்காரி ஒருத்தி டயர் உருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க டைட்டுக்கு மனம் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு ஒரு டயரை மட்டும் காலால் தள்ளினார்.

ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தும்போது மணி ஒன்றரை. அவளே கீழே இறங்கினாள். நான்கு போல்ட்டுகளில் மூன்று, டைட்டின் புகழுக்கு ஏற்றபடி, இரும்புக் குழாய் செருகி நீட்டிய ஸ்பானருக்குத்தான் அசைந்தன. ஒவ்வொன்றும் விடும்போது ரப்பர் முனகியது. நான்காவதும் தளர்ந்ததும் டைட் முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ஆட்டினான். பள்ளத்திலிருந்தே அவள் டேப்பை நீட்டினாள்.

"சக்கர நடுவுலேருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் எவ்வளவு?"

"முந்நூத்தி ஐம்பத்தி மூணுக்கா."

தாளில் முந்நூற்று ஐம்பத்திரண்டு மில்லி என்று எழுதியிருந்தது. காலையில் டைட் அளந்தபோது முந்நூற்று எழுபத்தாறு.

"இப்ப நீ இறங்கி முறுக்கு. உன் ஆசைக்கு இல்ல, அளவுக்கு."

இரண்டு மணிக்கு வந்த டாக்டர், டைட்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வேகத்தடைகள் வரிசையாக இருக்கும் பின்தெருவில் ஒரு சுற்று போய் வந்தார். இறங்கும்போது கதவைப் பிடிக்கவில்லை. மறுபடி ஏறி இன்னொரு சுற்று கிளம்பினார்.

ஆபீஸ் அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'சக்கரம் தரையில் நிற்கும்போது மட்டும் முறுக்கவும்.'

"இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல?" என்றார் அண்ணன்.

"எழுதியிருக்கணும். ஃபேக்டரியில மாட்டறது வேற ஆளுங்க வேலை, பழக்கம் விடல. அது என் தப்பு." பேனாவை மூடினாள். "ஸ்பிரிங் என் தப்பில்ல."

"அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. பசங்க முன்னாடி என்னை வெச்சு வாங்கிட்டே."

"நீ காலையில போன்ல சொன்னது பசங்க முன்னாடிதானே?"

அவர் காகிதக் கட்டைச் சரிசெய்வதுபோல் இரண்டு தட்டு தட்டினார். அடுத்த மாதம் இதே மாதிரி இன்னொரு வண்டி வருகிறது, அதுக்கும் அவளே போடட்டும் என்றார். போடுகிறேன், ஆனால் மாட்டுகிற அன்றைக்கு நானும் இங்கே நிற்பேன் என்றாள். அவர் தலையாட்டினார்.

"ஒண்ணு கேக்கறேன் அண்ணே. நான் வர லேட்டாகியிருந்தா வெட்டியிருப்பியா?"

வெளியே டாக்டர் வண்டியின் சத்தம் திரும்பி வந்தது. அண்ணன் மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், கழற்றினார், சட்டைப்பையில் வைத்தார். பிறகு அவளைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.